நாயனத்துக்கு உயிர் தரும் ஆச்சா மரம்

நம் வீட்டுக் கல்யாணங்களில் நாதஸ்வரம் கேட்காதவர் யார்? அது எந்த மரம் என்றுதான் யாரும் கேட்பதில்லை. அதன் பெயர் ஆச்சா. மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் இதையே 'அஞ்சன்' என்பார்கள். அங்கே குடியிருக்கும் நம்மவர்கள் பார்த்திருக்கக்கூடும். இலைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். இந்தியாவின் மிகக் கனமான மரங்களில் ஒன்று. வைரம் பாய்ந்த கட்டையைத் தண்ணீரில் போட்டால் மிதக்காது, மூழ்கிப்போகும். இலை மாட்டுக்குத் தீவனம், பட்டை கயிறு திரிக்க, கட்டை தூணுக்கும் உத்தரத்துக்கும்.

கும்பகோணம் அருகே நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் நாதஸ்வரத்தின் உலவு என்னும் குழல் பாகத்தை இதில்தான் கடைகிறார்கள். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பச்சை மரம் இதற்கு ஆகாது. காயும்போது வெடிக்கும், வளையும். துளை கொஞ்சம் பிசகினாலும் சுருதி போச்சு! அதனால், பல்லாண்டு காய்ந்து இறுகிய பழைய வீட்டுத் தூணையும் உத்தரத்தையும் தேடி வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளோ குறைந்துகொண்டே வருகின்றன.

ஊரில் பூர்வீக வீட்டை இடிக்கும்போது, தூரத்தில் இருக்கிற நாம் "மரத்தையெல்லாம் விறகுக்குப் போட்டுடுங்க" என்று போனிலேயே சொல்லிவிடுகிறோம். அதற்கு முன் ஓர் ஆசாரியிடம் காட்டச் சொல்லுங்கள். ஆச்சாவாக இருந்தால் அதிலிருந்து இன்னும் சில நாயனங்கள் பிறக்கும்.