படகு கிடைத்துவிட்டது, கடலுக்குப் போகும் முன் என்ன செய்யலாம்?

வாடைக்காற்று ஓய்ந்து பங்குனி பிறக்கும்போது முல்லைத்தீவுக் கடல் மெல்ல அடங்கத் தொடங்கும். கொக்கிளாயிலிருந்து சாலை வரை, கிழக்கைப் பார்த்த இந்தக் கரையில் சிறுபடகுத் தொழிலுக்கு நல்ல காலம் அங்கிருந்து புரட்டாதி வரைதான். மன்னார்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்கள் சோளகம் விட்ட பிறகே ஆயத்தம் செய்வார்கள். மீள்குடியேறிய உங்கள் குடும்பத்துக்கு இம்முறை பைபர் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் கிடைத்திருந்தால், அவற்றைத் தொழிலுக்குத் தயார்செய்ய வேண்டிய மாதங்கள் தையும் மாசியும்.

நான் கடற்றொழில் செய்தவள் அல்ல. இங்கே எழுதியிருப்பவை கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடமும், இயந்திரம் திருத்துபவர்களிடமும் இருந்து கேட்டு அறிந்தவை. அளம்பிலில் ஒரு வயதான ஐயா சொன்னதுதான் இதை எழுதவே காரணம்: "பிள்ளை, படகும் எஞ்சினும் தந்தவை, நல்லது. மிச்சத்தை ஆர் தாறது?"

அவர் சொன்ன 'மிச்சம்' சிறியதுபோலத் தெரியும். நங்கூரம், கயிறு, தண்டு, எரிபொருள் கான், மேலதிக பிளக், ரோர்ச் லைட், ஐஸ் பெட்டி, தண்ணீர் இறைக்கும் வாளி. உதவித் திட்டங்களின் பட்டியலில் இவற்றில் சில இருக்கும், சில இராது. கையில் காசு இல்லாதவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, இவை இல்லாமலே கடலுக்குப் போவது. மற்றையது, மீன் வாங்கும் வியாபாரியிடம் முற்பணம் எடுத்து இவற்றை வாங்குவது. முதலாவதில் உயிருக்கு ஆபத்து. இரண்டாவதில் அந்தப் பருவத்தின் உழைப்பு முழுவதும் கைமாறிவிடக்கூடும். ஆகவே எதை முதலில் வாங்குவது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று இப்போதே வீட்டில் இருந்து பேசி முடிவெடுங்கள்.

படகின் உடல்

புதிய படகு என்றால் அடியில் உள்ள தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பான் இருக்கிறதா, இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். மேலதிகமாக ஒன்றை வாங்கி நூலில் கோர்த்துப் படகிலேயே கட்டிவையுங்கள். அதற்கு மேல் பெரிய வேலை இல்லை.

இடம்பெயர்ந்த காலத்தில் விட்டுவந்து, பின்னர் தேடி எடுத்த பழைய படகு என்றால் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்த படகு வெளியே நன்றாகவும் உள்ளே உரிந்தும் இருக்கும். ஒரு நாணயத்தால் அல்லது சுத்தியலின் பிடியால் உடல் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் மாறி ஓரிடத்தில் மந்தமாகக் கேட்டால் அங்கே அடுக்குகள் விட்டுப்போயிருக்கின்றன. இயந்திரம் பூட்டும் பின்பலகையைக் கட்டாயம் சோதியுங்கள். இயந்திரத்தின் இழுவை முழுவதும் அந்தப் பலகையில்தான். அது உக்கியிருந்தால் புதிய இயந்திரத்தை அதில் பூட்டாதீர்கள்.

குண்டுச் சிதறல் பட்ட ஓட்டைகளை வெளிப்பக்கத்தில் மட்டும் பூசி மறைத்த படகுகளை நான் பார்த்திருக்கிறேன். அது நிலைக்காது. ஓட்டையைச் சுற்றி நல்ல பகுதி வரும்வரை தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, உள்ளும் புறமும் கண்ணாடியிழைப் பாயும் றெசினும் போட வேண்டும். ஈரத்தில் றெசின் பிடிக்காது. மாரி மழை முற்றாக விடாமல் இந்த வேலையைத் தொடங்குவதில் பயனில்லை. முன்னும் பின்னும் அடைத்திருக்கும் பெட்டிகளுக்குள் நுரை நிரப்பியிருப்பார்கள். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் தாங்குவது அதுதான். சிதறல் அந்தப் பெட்டியில் பட்டிருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கி நுரை ஊறியிருக்கும். படகு வழமையைவிடப் பாரமாக இருப்பதே அதற்கு அடையாளம்.

இயந்திரம்

கரையில் வைத்து வெறுமனே இயக்கிப் பார்க்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே தண்ணீரை இழுக்கும் இறப்பர் விசிறி சிறிது நேரத்திலேயே கருகிவிடும். ஒரு பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அதற்குள் காலை இறக்கி இயக்குங்கள். பின்புறத் துவாரத்தால் தண்ணீர் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். பழைய இயந்திரங்களில் அந்த இறப்பர் விசிறி காய்ந்து சுருங்கியிருக்கும். இயந்திரம் கேட்கும் உதிரிப்பாகங்களில் முதலில் மாற்ற வேண்டியது இதுவே.

கியர் ஒயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் உள்ளே கடல்நீர் புகுந்திருக்கிறது; வடித்துப் புது ஒயில் விட்டால் மட்டும் போதாது, சீலையும் மாற்ற வேண்டும். சென்ற பருவத்தில் மிஞ்சிய பெற்றோலை இந்தப் பருவத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். மாதக்கணக்கில் நின்ற பெற்றோல் பிசினாகிக் கார்பரேற்றரை அடைத்துவிடும்.

ஒயில் கலக்கும் அளவை இயந்திரத்தின் கைநூலில் பாருங்கள். 50க்கு 1 என்று இருந்தால், ஒரு லீற்றர் எரிபொருளுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில். புத்தம்புதிய இயந்திரத்துக்கு முதல் சில மணித்தியாலங்கள் இதைவிடக் கூடுதலாக ஒயில் விடவேண்டி இருக்கும். கைநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று மூலையில் போட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தைப் பெற்றோலில் தொடங்கி, சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றினால் அடுத்தமுறை இலகுவாக இயங்கும். தொழில் முடிந்து வந்ததும் நன்னீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். இயந்திரத்தைப் படகோடு ஒரு கயிற்றால் கட்டிவைக்க மறக்க வேண்டாம். திருகாணி இளகி இயந்திரம் கடலில் விழுந்தால் அதன் கடனை அடைப்பது யார்?

இயந்திரம் நின்றுவிட்டால்

இந்தக் கரையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அதனால் கரையோரத்தில் நிற்கும்போது கடல் தட்டையாகத் தெரியும், அலை இராது, "இண்டைக்கு நல்ல கடல்" என்று தோன்றும். வெளியே போகப் போகத்தான் காற்றின் பலம் தெரியும். மன்னார்க் கரையில் அதே காற்றில் இயந்திரம் நின்றால் படகு பெரும்பாலும் கரைக்குத் தள்ளப்படும். இங்கே நின்றால் அது வங்காள விரிகுடாவுக்குள் போகும். இடம்பெயர்ந்து பல வருடங்கள் கடல் தொடாமல் இருந்துவிட்டு வந்த இளைஞர்களுக்கு இதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனவே பணத்தில் முதல் பங்கு நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும். கயிறு, தொழில் செய்யும் ஆழத்தைப்போல் மூன்று மடங்கு முதல் ஐந்து மடங்கு இருக்க வேண்டும்: 10 பாகம் தண்ணீருக்கு 30 முதல் 50 பாகம். குறைந்த கயிற்றில் நங்கூரம் நிலத்தைப் பிடிக்காமல் இழுபடும். மிதக்கும் வகைக் கயிற்றைவிட நைலோன் கயிறு நல்லது. மிதக்கும் கயிறு புறொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். கயிற்றின் மறுமுனையைப் படகின் முன்பக்கத்தில் கட்டுங்கள். பின்பக்கத்தில் கட்டினால் அலை இயந்திரத்தின் மேலாக ஏறி உள்ளே வரும். நங்கூரம் எட்டாத ஆழத்தில் என்றால், ஒரு வாளியையோ படங்குத் துண்டையோ நீண்ட கயிற்றில் கட்டி முன்னால் விடுங்கள். படகின் முகம் காற்றுக்கு நேரே திரும்பும், இழுபடும் வேகமும் குறையும்.

நங்கூரத்துக்குப் பாரமாகக் கரையில் கிடக்கும் பழைய இரும்பை எடுக்காதீர்கள். எது வெறும் இரும்பு, எது வெடிக்காத வெடிபொருள் என்று பார்த்துச் சொல்ல முடியாது. வலையில் சந்தேகமான பொருள் ஏதும் வந்தால் படகில் ஏற்றவோ கரைக்கு இழுத்து வரவோ வேண்டாம். வலையின் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, இடத்தை நினைவில் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். வலை போனால் போகட்டும்.

அடுத்ததாக ஒரு சோடித் தண்டு, ஆளுக்கு ஒரு உயிர்காப்பு அங்கி, மேலதிக பிளக்கும் அதைக் கழற்றும் சாவியும், ரோர்ச் லைட், குடிதண்ணீர். கைத்தொலைபேசியை இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் கட்டிவையுங்கள். ஆனால் வெளிக்கடலில் அலைவரிசை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது கரையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரம் தாண்டினால் சங்கத்துக்கும் கடற்படைக்கும் அறிவிப்பது அவருடைய பொறுப்பு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வலையும் ஐஸும்

வலை பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல அதிகமில்லை. ஒன்று மட்டும்: 100 மீற்றர் வலைத்துண்டு, கயிற்றில் பாதியாகச் சுருக்கிக் கோர்க்கும்போது 50 மீற்றர் வலையாகத்தான் நிற்கும். கயிறு, மிதவை, ஈயம் ஆகியவற்றின் செலவை அந்த நீளத்துக்குக் கணக்கிடுங்கள். தங்கூசி வலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். அது தடைசெய்யப்பட்டது, பறிபோனால் போட்ட காசும் போய்விடும்.

ஐஸ் பெட்டியைப் பலர் கடைசியில் வைக்கிறார்கள். நான் அதை வலைக்கு அடுத்ததாக வைப்பேன். நம்முடைய வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதே பொதுவான அளவு. ஐஸ் இல்லாத மீனுக்கு மதியத்துக்குள் விலை சொல்பவர் நீங்கள் அல்ல, வாங்குபவர். ஒரு ரெஜிபோம் பெட்டி இருந்தால் இன்னொருவரிடமும் விலை கேட்டுப் பார்க்க உங்களுக்கு இரண்டு மணித்தியாலம் கிடைக்கும்.

முற்பணக் கணக்கு

ஒரு வியாபாரி 25,000 ரூபா தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி இல்லை, மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், கிலோவுக்கு 20 ரூபா குறைத்து. நாளுக்கு 15 கிலோ, மாதத்தில் 20 நாள் தொழில் என்றால் மாதம் 6,000 ரூபா. ஆறு மாதத்தில் 36,000 ரூபா. இப்படி வாங்கும்போது பெரும்பாலும் அந்த 36,000 ரூபாவால் முதலில் ஒரு ரூபாகூடக் குறைவதில்லை. அடுத்த பருவத்திலும் அதே 25,000 நிற்கும். எல்லா வியாபாரிகளும் இப்படி அல்ல. கரையில் மழை நாட்களில் அரிசி வாங்கக் கைகொடுப்பவர்களும் அவர்களே. ஆனாலும் எடுக்கும் முன் இந்தக் கணக்கை உங்கள் தொகையில் போட்டுப் பாருங்கள். குறைக்கும் 20 ரூபா கடனில் கழியுமா, கழியாதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வசதி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தொழில் தொடங்கியதும் பங்கு பிரிக்கும்போது படகுப் பங்கிலிருந்து ஒரு சிறு தொகையை அடுத்த வருடத்தின் கயிற்றுக்கும் பிளக்குக்கும் என்று ஒதுக்கிவிட்டால் இந்தக் கேள்வியே மறுபடி வராது.

குடும்பத் தலைவியாக இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கடலுக்குப் போகாவிட்டாலும் படகு உங்கள் பெயரிலேயே பதியப்படட்டும். மைத்துனர் ஓடட்டும், அயலவர் ஓடட்டும். படகுப் பங்கு எவ்வளவு, பழுது வந்தால் யார் செலவு என்பதை முதல் நாளே சங்கத் தலைவர் முன்னிலையில் எழுதி வையுங்கள். உறவுக்காரரிடம் எழுதி வாங்குவது சங்கடமாகத்தான் இருக்கும். எழுதாமல் விட்டுப் பிறகு கதைக்கப் போவது இன்னும் சங்கடம்.

பதிவுக்குக் கிராமத்துக்குப் பொறுப்பான கடற்றொழில் பரிசோதகரைச் சந்தியுங்கள். அடையாள அட்டை, படகும் இயந்திரமும் கிடைத்ததற்கான ஆவணங்கள், இயந்திர இலக்கம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். இலக்கம் கிடைத்ததும் படகின் இருபுறமும் தெளிவாக எழுதுங்கள். ஆவணங்களின் பிரதிகளைப் படகிலும், மூலத்தை வீட்டிலும் வையுங்கள்.

எல்லாம் ஆயத்தமான பிறகு முதல் நாள் வலையை ஏற்ற வேண்டாம். காற்றுக் குறைந்த காலையில், பக்கத்தில் இன்னொரு படகும் வர, கரை தெரியும் தூரத்தில் ஒரு மணித்தியாலம் ஓடிப் பாருங்கள். நடுவில் வேண்டுமென்றே இயந்திரத்தை நிறுத்தி, நங்கூரத்தை விட்டு, அது பிடிக்கிறதா என்று பாருங்கள். தண்டு வலித்துக் கரைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.