பீர் வாளியில் மிதக்கும் 'உளவாளி'!

ஜெர்மனியில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோருக்கு ஒரு தலைவலி.

சர்க்கரை முழுவதும் புளித்துத் தீருமுன் பாட்டிலில் அடைத்தால் 'டமார்' என்று வெடிக்கும்! தினமும் மூடியைத் திறந்து பார்க்கலாமா? கிருமி புகுந்தால் மொத்தமும் பாழ்!

இதற்கு அங்குள்ளவர்கள் கண்ட வழிதான் 'ஐஸ்பிண்டல்'. பாலில் 'லாக்டோமீட்டர்' மிதக்க விட்டுப் பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அதே தத்துவம்தான்.

சாய்ந்தால் சர்க்கரை

சின்ன பிளாஸ்டிக் குழாய். உள்ளே பேட்டரி, சாய்வை அளக்கும் 'சிப்', 'இ.எஸ்.பி.8266' வைபை பலகை. அவ்வளவுதான்!

சர்க்கரைக் கரைசல் கனமானது. அதில் மிதவை மேலெழும்பி நன்றாகச் சாயும். சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற, அமிழ்ந்து நிமிரும். வெறும் தண்ணீரில் சுமார் 25 டிகிரி சாயும்படி எடை வைக்கிறார்கள். பிறகு, அளந்து கலந்த சர்க்கரைத் தண்ணீரில் மிதக்க விட்டு, எந்தச் சாய்வுக்கு எவ்வளவு அடர்த்தி என்று குறித்துக் கொள்கிறார்கள்.

கால்மணிக்கு ஒரு தடவை விழிக்கும், சேதி அனுப்பும், மறுபடி தூங்கிவிடும். பேட்டரி வாரக்கணக்கில் தாங்கும்.

சாய்வு சில நாள் மாறாமல் நின்றால் புளிப்பு அடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால், மிதவையில் நுரை ஒட்டினால் கணக்கு தப்பும். எனவே அடைக்குமுன் பழைய கண்ணாடி மானியிலும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது!