ஆறாவது வாரச் சொட்டும் பத்தாயிரத்தில் ஒரு குழந்தையும்

சாமராஜநகர் என்ற ஊருக்கு வாய்த்தது ஒரு மன்னரின் பெயர். முன்பு அரிகொட்டாரம் என்றிருந்த அந்த ஊரில் பிறந்த மைசூர் மன்னர் ஒன்பதாம் சாமராஜ உடையார், 1796 ஏப்ரலில் பெரியம்மையில் இறந்தார், வயது 22. மறு மாதமே, மே 14 அன்று, இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கையைக் கீறி மாட்டம்மைச் சீழை ஏற்றினார். சில வாரம் கழித்துப் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார். நோய் வரவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு இடம் தராது. ஆனால் அடுத்த பத்து ஆண்டுக்குள், இறந்த மன்னரின் மகன் ஆட்சியில், மைசூர் அரண்மனைப் பெண்களே அம்மை குத்திக்கொண்டு ஊருக்கு வழிகாட்டினார்கள். 1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி வரைந்த ஓவியம் அதைத்தான் காட்டுகிறது என்பது வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலரின் கருத்து.

ஒரே சிறுவனை நம்பிய காலம் அது. இன்று அங்கன்வாடியில் 6, 10, 14ஆம் வாரங்களில் குழந்தையின் வாயில் விடும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துக்கு வருவோம். 1980களில் டெல்லி எய்ம்ஸில், பச்சிளங்குழந்தைகளிடம் நோய் உண்டாக்காமல் தங்கியிருந்த வைரஸிலிருந்து பிறந்தது ‘ரோட்டாவாக்’. டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் 56% குறைத்தது. ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றலாம். மருத்துவமனை வரை இழுத்துச் செல்லும் நோயில் பாதிக்கு மேல் தடுபடுவது, இவ்வளவு குழந்தைகள் பிறக்கும் நாட்டில் சின்ன விஷயமல்ல.

பாதுகாப்புதான் சிக்கலான கேள்வி. அமெரிக்காவில் 1998இல் வந்த ‘ரோட்டாஷீல்டு’ மருந்து, குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் கோளாறை ஏறக்குறைய பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு உண்டாக்கியதால் மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. பத்தாயிரத்தில் ஒன்றாக வரும் ஆபத்து 6,799 பேரிடம் கண்ணில் படாமலே போகலாம். போதாக்குறைக்கு, மருந்தே போடாத குழந்தைகளுக்கும் இதே வயதில் குடல் செருகல் வரும். பழி யார்மேல்?

2016இல் ரோட்டாவாக்கைத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்ததுமே 27 மருத்துவமனைகளில் கண்காணிப்பு தொடங்கியது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் அதில் இருந்தார்கள். குடல் செருகல் வந்த 589 குழந்தைகளின் தடுப்பூசி அட்டையில் உள்ள தேதியையும் நோய் வந்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குற்றவாளி மருந்து என்றால், சொட்டு விட்ட முதல் மூன்று வாரத்தில் நோய் குவிந்திருக்க வேண்டும். குவியவில்லை. ஒரு குழந்தையின் ஒரு காலத்தை அதே குழந்தையின் இன்னொரு காலத்தோடு ஒப்பிடுவதால் வீட்டு வசதி, சத்துக்குறைவு போன்ற வேறுபாடுகள் கணக்கைக் குழப்புவதில்லை. எனக்கு இந்த ஆய்வில் பிடித்ததே இதுதான். முடிவு 2020இல் வெளியானது.

கண்காணிப்பு ஒருபுறம் இருக்கட்டும். குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுதால், வாந்தி நிற்காவிட்டால், மலத்தில் ரத்தம் கலந்தால், அது குடல் செருகலாக இருக்கலாம்; சொட்டு மருந்து எப்போது போட்டது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். போகும்போது அந்த அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.