முகப்பு வேறு, அனுபவம் வேறு!
லேக் கார்டன்ஸ் ரயில் நிலையம் சொல்லும் பாடம்

கொல்கத்தாவில் வாழும் தமிழர்களுக்கு லேக் கார்டன்ஸ் புதிய இடம் அல்ல. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு, ஏரிக்கரைக் காற்றை அனுபவித்தபடி வீடு திரும்பும் நம்மவர் குடும்பங்கள் இந்தச் சுற்று வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக உண்டு. ஏரிக்குத் தெற்கே, சியால்டாவிலிருந்து பட்ஜ்பட்ஜ் செல்லும் மின்சார ரயில் பாதையில், பாலிகஞ்சுக்கும் டாலிகஞ்சுக்கும் நடுவே இருக்கிறது லேக் கார்டன்ஸ் நிலையம்.

சின்ன நிலையம்தான். ஆனால், கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் 'யூ.ஐ.', 'யூ.எக்ஸ்.' என்ற இரண்டு சொற்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கும் பெற்றோருக்கு, இதைப் போன்ற ஒரு நிலைய வாசலே போதிய பாடம்.

இலையும் பந்தியும்

யூ.ஐ. என்பதைப் 'பயனர் இடைமுகம்' என்கிறார்கள். கண்ணுக்கும் விரலுக்கும் எதிரே இருக்கும் முகப்பு அது. திரை, பொத்தான், எழுத்தின் அளவு, நிறம் எல்லாம் இதில் அடங்கும். யூ.எக்ஸ். என்பது 'பயனர் அனுபவம்'. ஒருவர் ஒரு காரியத்தை எண்ணிப் புறப்பட்டதிலிருந்து அது முடியும் வரையில் பட்ட பாடும் பெற்ற சுகமும் சேர்ந்தது அது.

கல்யாண வீட்டில் தலைவாழை இலை அழகாகப் போட்டிருக்கிறது. ஆனால் பந்திக்கு இடம் பிடிக்க அரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. சாம்பார் வந்தபோது சோறு வரவில்லை. இலை நன்றாயிருந்தது என்று சொல்லலாம். சாப்பாடு நன்றாயிருந்தது என்று சொல்ல முடியுமா? இலை யூ.ஐ.; பந்தி யூ.எக்ஸ்.

'பயனர் அனுபவம்' என்ற பெயரைப் பரப்பியவர் டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க அறிஞர். மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஆராய்ந்தவர். 1993-ல் ஆப்பிள் கம்பெனியில் சேர்ந்த அவர், தம் பதவியின் பெயரிலேயே இச்சொல்லை வைத்துக்கொண்டார். திரையை மட்டும் பார்த்தால் போதாது, மனிதர் படும் பாடு முழுவதையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து.

வண்டி வரும் நேரம்

இனி ரயிலுக்கு வருவோம். முன்பதிவில்லா டிக்கெட்டைக் கைப்பேசியிலேயே எடுக்கும் 'யூ.டி.எஸ்.' செயலி 2014-ல் மும்பையில் அறிமுகமாகி, 2018-ல் நாடு முழுவதற்கும் வந்தது. புறப்படும் ஊர், சேரும் ஊர், எத்தனை பேர், பணம் என்று நாலைந்து படிகளில் காரியம் முடிந்தது. முகப்பில் பெரிய குறை சொல்வதற்கில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. காகிதமில்லா டிக்கெட்டை நிலையத்துக்குள்ளோ தண்டவாளத்தின் அருகிலோ நின்று எடுக்க முடியாது. கைப்பேசி இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் மூலம் அறிந்து, செயலி மறுத்துவிடும். இதற்குக் காரணம் உண்டு. டிக்கெட் இல்லாமல் வண்டியில் ஏறி, பரிசோதகர் தலையைக் கண்டதும் சட்டென்று டிக்கெட் எடுத்துவிடுவார்கள் அல்லவா? நியாயமான காரணம்தான்.

இப்போது ஒரு குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். காலை ஒன்பது மணி. சியால்டா பக்கம் ஆபீஸ். ஓட்டமும் நடையுமாகப் பிளாட்பாரத்தில் ஏறிவிட்டார். வண்டி வரும் சத்தம் கேட்கிறது. கைப்பேசியை எடுத்தால் 'முடியாது' என்கிறது செயலி. வெளியே ஓடினால் வண்டி போய்விடும், ஏறிவிட்டால் அபராதம். சில ரூபாய் டிக்கெட்டுக்கு 250 ரூபாய் அபராதமும் கட்டணமும் கட்டும் நிலை. பொத்தான் பளிச்சென்று இருந்து என்ன பயன்?

சுவரில் ஒட்டிய தாள்

இந்தச் சிக்கலைத் தீர்க்கத் திரையை மாற்றி வரையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நிலையங்களில் கியூ.ஆர். என்னும் கட்டம் கட்டமான குறியீட்டை அச்சிட்டு ஒட்டினார்கள். அதைக் கைப்பேசியில் படம் பிடித்தால் நிலையத்துக்குள்ளேயே டிக்கெட் எடுக்க முடிந்தது. ஓடும் வண்டியில் சுவர் ஏது? ஆகவே ஏமாற்ற நினைப்பவருக்கும் வழியிருக்காது என்பது எண்ணம். குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் இருப்பவர் டிக்கெட் எடுக்க முடியாது என்ற விதியும் 2022-ல் தளர்த்தப்பட்டு, 2024-ல் நீக்கப்பட்டது. சுவரில் ஒரு தாள், விதியில் ஒரு திருத்தம். அனுபவம் மாறிவிட்டது.

இது புதிய கதையும் அல்ல. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் முன்பதிவு தொடங்கியபோது, பதிவு நொடியில் நடந்தது. டிக்கெட்டோ கூரியரில் வர வேண்டும். 2005-ல் மின்டிக்கெட் வந்த பிறகே அந்தக் காத்திருப்பு ஒழிந்தது.

ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பல்லாண்டு காலம் ஹவுராவிலிருந்து புறப்பட்ட கோரமண்டல் எக்ஸ்பிரஸ், 2022 முதல் ஷாலிமாரிலிருந்து புறப்படுகிறது. டிக்கெட்டில் 'ஷாலிமார்' என்று சரியாகவே இருக்கும். பழக்கத்தில் மூட்டை முடிச்சுகளுடன் ஹவுராவில் போய் இறங்குகிறவருக்கு அந்தச் சரியான எழுத்து என்ன செய்யும்? எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது யூ.ஐ.; எந்த நேரத்தில், எப்படிச் சொன்னால் அவர் மனத்தில் பதியும் என்று யோசிப்பது யூ.எக்ஸ்.

யாரை நினைத்து?

2025 ஜூலை 1-ல் 'ரயில்ஒன்' என்ற செயலியை ரயில்வே வெளியிட்டது. முன்பதிவு, முன்பதிவில்லா டிக்கெட், உணவு, புகார் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே கடவுச்சொல்லில் கிடைக்கும். பல செயலிகளுக்குப் பல கடவுச்சொற்களை நினைவில் வைத்துத் தடுமாறியவர்களுக்கு இது நல்ல காலம். முகப்பு ஒன்றாகிவிட்டது. அனுபவம் எப்படி என்பதை நாள்தோறும் ஏறி இறங்குகிறவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் காகிதமில்லா டிக்கெட்டைக் காட்ட முடியாது. காட்ட முடியாதவர் டிக்கெட் இல்லாதவராகவே கருதப்படுவார். நிலையப் பலகையில் வங்காளி, இந்தி, ஆங்கிலம் இருக்கின்றன; மூன்றும் படிக்கத் தெரியாமல் நேற்று ஊரிலிருந்து வந்து இறங்கிய தொழிலாளிக்குக் கவுன்ட்டரில் இருக்கும் மனிதர்தான் துணை. சன்னலில் கையை நீட்டி, "ஒரு சியால்டா" என்று சொன்னால் போதும். அந்தச் சன்னலுக்கு அழகில்லை. ஆனால் அது யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் இத்துறையில் வேலை தேடும் நம் பிள்ளைகள் உண்டு. நிறமும் எழுத்தும் தேர்ந்தெடுக்கக் கற்பது அவசியமே. அத்துடன் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு லேக் கார்டன்ஸ் பிளாட்பாரத்தில் நின்று, வண்டிக்கு ஓடி வருகிறவர்களின் முகத்தையும் பார்த்துவிட்டுப் போகட்டும். பாதிப் படிப்பு அங்கேயே முடிந்துவிடும்.