விண்ணிலிருந்து மரம் அறிதல்

இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிப் பழகியவர்களுக்கு, தை மாசி மாதங்களில் அம்மரங்கள் இலை பழுத்து உதிர்த்து, சில வாரங்கள் வெறுங்கிளையாய் நின்று, பின்பு செம்பு நிறத் துளிர் விடுவது புதிய செய்தியன்று. ஆயினும் 786 கிலோமீற்றர் உயரத்தில் பூமியை வலம்வரும் செய்மதியும் இறப்பரை அடையாளம் காண்பது பெரும்பாலும் அந்த இலையுதிர்வைக் கொண்டே என்பது சிலருக்கு விந்தையாக இருக்கலாம்.

பச்சிலையானது சூரிய ஒளியின் சிவப்பு அம்சத்தைத் தன் உணவாக்கத்துக்கு ஈர்த்துக்கொண்டு, நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும் சுபாவமுடையது. இலை பழுத்தால் இவ்விகிதம் மாறும். உதிர்ந்தால் முற்றிலும் குலையும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2015, 2017 ஆம் ஆண்டுகளில் ஏவிய இரு சென்டினல்-2 செய்மதிகள் ஒளியை 13 பட்டைகளாகப் பிரித்து, ஐந்து நாட்களுக்கொருமுறை ஒரே நிலத்தைப் படம்பிடித்தன. தனிப் படம் ஒன்று எல்லா மரத்தையும் பச்சை என்றே காட்டும். ஓராண்டுப் படங்களை வரிசையாக நோக்கினாலோ, எந்தப் பச்சை எந்த மாதத்தில் மங்கிற்று என்பது வெளிப்பட்டு, தேயிலை வேறு, இறப்பர் வேறு என்று பிரிந்துவிடும். ஆண்டில் பல மாதம் மேகம் கவிந்து கிடக்கும் இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளில், இலையுதிர்வு மழை குறைந்த காலத்தில் நிகழ்வது ஆராய்ச்சியாளரின் அதிர்ஷ்டமே. மற்றக் காலங்களில் மேகத்தை ஊடுருவும் ரேடார்ச் செய்மதிகளின் துணை வேண்டும்.

சிங்கராஜ வனத்திலோ இந்த வித்தை அவ்வளவு எளிதில் பலிப்பதில்லை. 1988 இல் உலக மரபுரிமையாக அங்கீகரிக்கப்பட்ட அவ்வனம் என்றும் பசுமையானது. ஒரே காலத்தில் ஒருங்கே இலையுதிர்த்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் பழக்கம் அதற்கில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தார் 1993 முதல் அங்கே 25 ஹெக்டேயர் நிலத்தை வரையறுத்து, ஒரு சென்ரிமீற்றர் விட்டமுடைய கன்று முதல் ஒவ்வொரு மரத்தையும் அளந்து இலக்கமிட்டபோது, இருநூறுக்கு மேற்பட்ட இனங்களில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மரங்கள் தேறின. சென்டினலின் நுண்மையான படத்திலும் ஒரு புள்ளி பத்து மீற்றர்ச் சதுரமாதலால், கணக்கிட்டுப் பார்த்தால் அப்புள்ளிக்குள் சராசரியாக எண்பது மரங்கள் அடங்கும்; அவற்றுள் பெரும்பாலானவை உச்சி விதானத்தின் நிழலில் மறைந்து வானுக்குத் தெரியாதவை. நாகமரத்தின் செந்தளிர் ஓர் அடையாளம் போலத் தோன்றினும், அது சொற்ப நாட்களில் பச்சையாகிவிடும். வனத்தின் விளிம்பில் நட்டு வளர்த்த பைன் தோப்புகள் மாத்திரம், ஒரே இனமாதலின், தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன.

ஆகவே, இன்ன புள்ளியில் இன்ன மரமென்று நிலத்தில் நடந்து கண்டறிந்த சான்றுகளைக் கணினிக்கு முதலில் கற்பித்தாக வேண்டும். அதன் பின்னரே அது எஞ்சிய நிலத்தை ஊகிக்கும். இறப்பர், பலா, கமுகு, தென்னை யாவும் கலந்து நிற்கும் கேகாலைச் சிறு தோட்டங்களில் அந்த ஊகமும் அடிக்கடி தடுமாறும் என்பதால், அவ்விடத்து வரைபடங்களைச் சற்றுச் சந்தேகத்துடன் படிப்பதே தகும்.