குளிர் நாட்டில் ஒரு சூரிய வீடு

நமது நாட்டின் வடகோடியில், கடல் மட்டத்திற்குச் சுமார் 11,500 அடி உயரத்தில், லடாக் பிரதேசத்தின் லே நகரம் அமைந்திருக்கிறது. குளிர்கால இரவுகளில் அங்கே உஷ்ணம் பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி வரையிலும் இறங்குவதுண்டு. ஆயினும் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் வானம் தெளிந்து வெயில் நன்கு காய்கிறது.

அப்பிரதேசத்தில் மரம் அரிது. ஆகவே சாணத்தை உலர்த்தி எரிப்பது தொன்றுதொட்ட வழக்கம். வயலுக்கு எருவாக வேண்டியது அடுப்பில் சாம்பலாகிறது. புகையோ வீட்டிலுள்ள பெண்களையும் குழந்தைகளையும் வாட்டுகிறது. சூரிய வெப்பத்தால் வீட்டைக் காக்க முடிந்தால் நிலத்திற்கும் நலம், உடலுக்கும் நலம். மின்கம்பி எட்டாத இடத்தில் அத்தகைய வீட்டை அமைக்கும் முறையை இங்கே காண்போம்.

முதற் கணக்கு

சூரிய வீடு என்றதும் கூரைமேல் மின்தகடுகளைப் பதிப்பதே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. 1,000 வாட் மின் கணப்பு ஒன்று ஐந்து மணி நேரம் இயங்கினால் ஐந்து யூனிட் மின்சாரம் செலவாகும். ஐந்து எல்.இ.டி. விளக்குகள், வானொலி, சிறிய தொலைக்காட்சி, கைப்பேசி ஆகிய எல்லாவற்றிற்கும் சேர்த்து நாளொன்றுக்கு அரை யூனிட் போதும். கணப்பு ஒன்றே மற்றவற்றைப்போல் பத்து மடங்கு விழுங்கிவிடுகிறது. எனவே வீட்டைச் சூடாக்கும் பொறுப்பைக் கட்டடத்திடமும், விளக்கெரிக்கும் பொறுப்பை மின்தகட்டிடமும் விடுவதே அறிவுடைமை.

கட்டட அமைப்பு

முதலில் மனை. மலை நிழல் விழாததும், ஓடைத் தடத்திலிருந்து விலகியதுமான இடம் வேண்டும். 2010 ஆகஸ்டில் லே பகுதியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் பல வீடுகள் அழிந்ததை மறத்தலாகாது.

வீடு கிழக்கு மேற்காக நீண்டு, தெற்கு நோக்கி இருத்தல் வேண்டும். டிசம்பர் மாத நடுப்பகலில் லேயில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 32 டிகிரி உயரத்திலேயே நிற்கிறது. ஆதலால் தென்புறக் கண்ணாடி ஜன்னல் வழியே வெயில் அறைக்குள் வெகுதூரம் புகும். ஜூன் மாதத்தில் சூரியன் உச்சியை நெருங்குவதால், சிறிய தாழ்வாரமே அவ்வெயிலைத் தடுத்துவிடும். வடபுறத்தில் ஜன்னல்களைக் குறைத்து, தானிய அறையையும் வைக்கோல் அறையையும் அங்கே அமைக்கலாம்.

கனமான மண்சுவர் வெப்பத்தைச் சேமிக்கும். ஆனால் வெளியேறாமல் முற்றிலும் தடுக்காது. ஆகையால் மற்ற மூன்று புறச் சுவர்களுக்கும் வெளிப்பக்கத்தில் வைக்கோல் அல்லது கம்பளி அடைத்த உறை அவசியம். கூரைக்கும் அவ்வாறே. இரவில் ஜன்னல்களுக்குக் கனத்த திரை வேண்டும்.

படுக்கையறையின் தென்சுவருக்குக் கருமை பூசி, சில அங்குல இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்துவது மற்றொரு முறை. பிரான்சு நாட்டில் ஒடேயோ என்னும் மலையூரில் பெலிக்ஸ் ட்ரோம்ப் 1967-ல் இம்முறையில் வீடு கட்டிக் காட்டினார். ஓரடி கனமுள்ள சுவரைக் கடக்க வெப்பத்திற்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். பகலில் ஏறிய வெப்பம் இரவில் உறங்குவோருக்குப் பயன்படுகிறது. 1988-ல் தொடங்கப்பெற்ற செக்மால் என்னும் கல்வி இயக்கம், லேக்கு அருகே ஃபே கிராமப் பகுதியில் எழுப்பிய மண் கட்டடங்கள், சூரிய வெப்பத்தை இவ்வாறு ஏற்றுச் சேமிக்கும் முறைக்கு நல்ல சான்று.

மின்சார ஏற்பாடு

அரை யூனிட் தேவைக்கு, குளிர்காலக் குறுகிய பகலையும் சேதாரத்தையும் கருதி, 250 வாட் தகடு வைக்கலாம். மேகமூட்டம் மூன்று நாள் நீடித்தால் ஒன்றரை யூனிட் கையிருப்பு வேண்டும். ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆதலால் மூன்று யூனிட் கொள்ளளவு, அதாவது 12 வோல்ட்டில் 250 ஆம்பியர்-மணி தேவை. தகட்டைச் சுமார் 50 டிகிரி சாய்த்து நிறுத்தினால் குளிர்கால வெயிலை நன்கு ஏற்கும். பனியும் எளிதில் வழுகி விழும்.

குளிரில் பாட்டரியின் திறன் குறையும். மின்னேற்றம் இறங்கிய ஈயப் பாட்டரியின் திரவம் உறைந்து வெடிக்கவும் கூடும். ஆகவே அதனை உறைபனி தாக்காத, காற்றோட்டமுள்ள சிறு அறையில் வைத்தல் நலம்.

எச்சரிக்கை

வெயிலற்ற நாட்களுக்கெனப் புகைபோக்கியுடன் கூடிய அடுப்பு ஒன்று இருக்கட்டும். காற்றுப் புகாமல் அடைத்த அறையில் கரியடுப்பு மூட்டித் தூங்குவது உயிருக்கே ஆபத்து. புதிய காற்று வரச் சிறு வழி எப்போதும் வேண்டும்.

மனை, திசை, சுவர், உறை, அதன் பின்னரே மின்தகடு என்பது செலவிட வேண்டிய வரிசை. வரிசை மாறினால் பணமும் போகும், குளிரும் போகாது. கட்டடத் திட்டங்களைப் பரிசீலிக்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள், எத்தனை தகடு என்று வினவுமுன், வீடு எத்திசை நோக்குகிறது என்று வினவுவார்களாக.