உத்தரவாதமும் காப்புறுதியும்: ஒரு மோதிரத்தை முன்னிட்டுச் சில சொற்கள்

துஷ்யந்தன் அளித்த கணையாழி சகுந்தலையின் விரலினின்றும் நீர்த்துறையிலே நழுவி வீழ்ந்ததும், மீனொன்று அதனை விழுங்கியதும், செம்படவன் ஒருவன் கையிற் பின்னர் அஃது அகப்பட்டதும் யாவரும் அறிந்த கதை. எமக்கு நேர்ந்த இழப்பும் நீர்த்துறையிலேயே நேர்ந்தது. ஆயின் மோதிரம் விரலிலே இருந்தது; அதிற் பதித்த நீலக்கல் மாத்திரம் கீரிமலைக் கேணியிற் போயிற்று. எந்த மீனும் அதனைத் திருப்பித் தரவில்லை.

அக்கல் எம் அன்னையாரின் மோதிரத்துக் கல். 1995ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில், வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரைவிட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அன்னையார் அம்மோதிரத்தைச் சேலைத் தலைப்பின் முடிச்சில் வைத்துக் காத்தார். எமது திருமணத்தின்போது அதனை உருக்கி, எம் விரலுக்கேற்பப் புதிதாகச் செய்வித்து, அதே கல்லைப் பதிப்பித்தோம். நகைக்கடையார் தந்த பற்றுச்சீட்டில் 'ஆயுட்கால உத்தரவாதம்' என்று முத்திரை பொறிக்கப்பட்டிருந்தது. அம்முத்திரையை நம்பி நான்கு ஆண்டுகள் மனநிறைவுடன் இருந்தோம்.

கல் போன மறுநாள் சீட்டுடன் கடைக்கு ஓடினோம். கடையார் சினவாது அச்சீட்டைப் புறம்புரட்டிக் காட்டினர். ஆறு திங்களுக்கு ஒருமுறை மோதிரத்தைக் கொணர்ந்து பரிசோதிப்பித்தல் வேண்டும். தவறின் உத்தரவாதம் செல்லாது. பொன் வேலையிற் குறையிருப்பின் திருத்தித் தரப்படும். கல் தொலைந்தால் அதன் விலைக்குக் கடை பொறுப்பன்று. இவையெல்லாம் சிற்றெழுத்தில் இருந்தன. மாணவரை நோக்கி, 'வினாத்தாளின் மறுபக்கத்தையும் பாருங்கள்' என்று ஆண்டுதோறும் கூறிவரும் நாம் அதனைப் பார்த்திலோம்.

வீட்டுக்கடன் பெற்றபோது எடுத்த இல்லக் காப்புறுதி நினைவுக்கு வந்தது. முகவரிடம் கேட்டபோது, அது வீட்டினுள் இருக்கும் பொருள்களுக்கே உரியது என்றும், அணிந்து செல்லும் நகைக்குத் தனியே சேர்த்திருத்தல் வேண்டும் என்றும், அவ்வாறு சேர்த்திருப்பினும் தேய்மானத்தால் வரும் இழப்புக்கு ஈடு இல்லை என்றும் விளக்கினார். இரு வாயில்களும் அடைபட்டன. ஏன் அடைபட்டன என்று ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

உத்தரம் என்பது மறுமொழி. தான் செய்து விற்ற பொருளிற் குறை காணப்படின் அதற்கு மறுமொழி கூறக் கடமைப்படுதலே உத்தரவாதம். ஆகவே அது பொருளின் உள்ளே கிடந்த குற்றத்தைப் பற்றியது. ஒட்டு விட்டுப்போதல், பற்கள் சரியாக வளைக்கப்படாமை, பொன்னின் மாற்றுக் குறைதல் ஆகியன அதனுள் அடங்கும். காப்புறுதியோ பொருளின் வெளியே இருந்து வரும் கேட்டைப் பற்றியது: களவு, தீ, எதிர்பாராத விபத்து முதலியன. (காப்பு என்னுஞ் சொல் காவலையும் கையணியையும் ஒருங்கே குறித்தல் நம் மொழிக்கு வாய்த்த நயம்.) கள்வன் கொண்டு சென்ற மோதிரத்துக்குப் பொற்கொல்லர் மறுமொழி கூறார், பொற்கொல்லர் பிழையாகச் செய்த மோதிரத்துக்குக் காப்புறுதிக் கழகம் ஈடு தாராது.

எழுத்தில் உத்தரவாதம் இல்லாவிடினும் வாங்குவோர் முற்றும் கைவிடப்பட்டவர் அல்லர். இலங்கையில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, விவரணம் கூறி விற்ற பொருள் அவ்விவரணத்துக்கு ஒத்திருத்தல் வேண்டும். 22 கரற் என்று விற்றால் ஆயிரத்தில் 916 பங்கேனும் பொன் இருத்தல் வேண்டும். சூடேற்றாத இயற்கை நீலம் என்று விற்றால் அஃது அவ்வாறே இருத்தல் வேண்டும். ஆகலின் பற்றுச்சீட்டில் நிறையும் மாற்றும் கல்லின் இயல்பும் எழுதப்படுதல், 'ஆயுட்காலம்' என்ற முத்திரையினும் பயன் மிக்கது.

இனி எமது கல் போன காரணத்துக்கு வருவோம். உள்ளே கிடந்த குற்றத்துக்கும் வெளியே இருந்து வரும் கேட்டுக்கும் இடையில் மூன்றாவதொரு நிலம் உண்டு. அதுவே தேய்மானம். கனிப்பொருள்களின் வன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவையில் நீலக்கல் 9 பெறும். பொன் 3க்கு மேற் செல்லாது. கல்லைத் தாங்குவது இம்மெல்லிய பொன்னாலான பற்களே. கிணற்றுக்கயிறும், சட்டைப் பையின் ஓரமும், வகுப்பறை மேசையும் நாள்தோறும் அவற்றை உரைத்து மெலிவிக்கின்றன. கல் தேயாது, அதன் பிடி தேயும். இந்நிலத்துக்கு உத்தரவாதமும் காப்புறுதியும் வாரா. உடையவரே காவலர். மோதிரத்தைக் காதருகே பிடித்து மெல்லத் தட்டினால், கல் தளர்ந்திருப்பின் சிறு ஒலி கேட்கும் என்று ஒரு முதிய பத்தர் எமக்குக் காட்டித் தந்தார். கல்லை இழந்தபின் கற்ற பாடம் அது.

காப்புறுதி எடுக்க எண்ணுவோர் கவனிக்க வேண்டியது தொகை. 2022இல் ரூபா வீழ்ந்தபோது பொன்விலை எவ்வளவு விரைந்து ஏறியது என்பதை நாம் மறந்திலோம். அதன்முன் எழுதிய தொகையை அப்படியே விட்டவர், பொருளின் பெறுமதியிற் பாதிக்கே காப்புச் செய்தவராக நின்றிருக்கக்கூடும். பல பத்திரங்களிற் சராசரி விதி ஒன்று உண்டு. இரண்டு இலட்சம் பெறும் நகைகளை ஒரு இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவர், அவற்றுள் 80,000 ரூபா பெறுவதை இழந்தால், அவருக்கு வருவது 40,000 ரூபாவே. மீதிப் பாதிக்கு அவர் தமக்குத்தாமே காப்புறுதியாளர் எனக் கொள்ளப்படுவார். ஆதலின் மதிப்பீட்டைக் காலந்தோறும் புதுப்பித்தலும், அதிற் செய்கூலியும் சேதாரமும் சேர்ந்துள்ளனவா என்று பார்த்தலும் வேண்டும். ஒரு பொருளுக்கு இவ்வளவே என்ற எல்லை உண்டா, வீட்டுக்கு வெளியேயும் காப்பு உண்டா, கதவுடைத்த களவுக்கு மட்டுமா என்பனவற்றையும் கேட்டறிதல் நன்று.

போரினால் வரும் இழப்பு பொதுவான நகைக் காப்புறுதியில் விலக்கப்பட்டிருக்கும். 1995இல் அன்னையாரிடம் பத்திரம் இருந்திருப்பினும் அது பயன்பட்டிராது; சேலை முடிச்சே பயன்பட்டது. மேலும், காப்புறுதி தருவது சந்தை விலையை அல்லது அதுபோன்ற வேறொரு பொருளை. எம் நீலத்துக்கு நிகராக இரத்தினபுரிக் கல் எத்தனையோ கிடைக்கும். அன்னையாரிடம் இதனைக் கூறினோம். அவர் ஒன்றும் கூறாது வெறும் மோதிரத்தை வாங்கி விளக்கொளியிற் பார்த்துத் திருப்பித் தந்தார்.

ஈட்டுக் கோரிக்கை மறுக்கப்பட்டு, அம்மறுப்பு நியாயமன்று என்று கருதுவோர் முதலிற் காப்புறுதிக் கழகத்துக்கு எழுத்தில் முறையிடலாம். பின்னர்க் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியை நாடலாம். வியாபாரியோடு உள்ள வழக்குக்கு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை உண்டு. எமது வழக்கில் இருவர் மீதும் குறை கூறுதற்கு இடமில்லை. ஆதலின் எங்கும் சென்றிலோம்.

மனைவியாரின் நகைகளுக்கு இப்பொழுது தனிக் காப்புறுதிக்கு விண்ணப்பித்திருக்கின்றோம். விண்ணப்பப் படிவத்தில், 'இதற்குமுன் நகை எதனையும் இழந்ததுண்டா?' என்றொரு வினா இருந்தது. உண்மையை மறைத்தால் பத்திரமே செல்லாதாகலாம் என்று முகவர் எச்சரித்தார். இம்முறை மறுபக்கத்தையும் படித்துவிட்டு, 'ஆம், ஒரு நீலக்கல்' என்று எழுதினோம்.